தளர்ந்த தந்தியும் ஐந்து கட்டை சுருதியும்

1793-ல ஒரு இங்கிலீஷ் கப்பல் தலைவர் ஹவாய் ராஜாவுக்கு மாடுகளைப் பரிசாக் கொடுத்தார். அதுக்கும், நான் ஒரு குட்டி கிடாருக்குத் தந்தி தேடி சேலம் கடைவீதியில அலைஞ்சதுக்கும் நேரடி சம்பந்தம் இருக்குன்னு சொன்னா நம்புவீங்களா? நம்பலைன்னா கொஞ்சம் பொறுமையாப் படிங்க. பதிவு நீளம்தான். நடுவுல கொஞ்சம் கணக்கும் வரும். கணக்குன்னாலே ஓடறவங்க அந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடலாம், கதை அறுந்து போகாது :-)

முதல்ல பிரச்சினை என்னன்னு சொல்லிடறேன். என்கிட்ட இருக்கறது நீளம் குறைஞ்ச ஸ்டீல் கம்பி கிடார். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுல ஊருக்கு வரும்போது தலைக்கு மேல இருக்கற தட்டுல அடங்கணும்னு வாங்கினது. அதுல 'ஸ்லாக் கீ'ங்கற ஹவாய் முறையில சுருதி சேர்த்தா, தந்தியெல்லாம் துணி காயப்போடற கொடி மாதிரி தொங்குது. தட்டினா மெட்டு மேல பட்டு 'டர்ர்ர்'னு அடிக்குது. கடையில கேட்டா, "ஒரே செட்டுதாங்க இருக்கு, எல்லாரும் இதைத்தான் போடறாங்க"ங்கறாங்க. எல்லாரும் போடறது எல்லாருடைய கிடாருக்கும் சரி. தளர்த்தின குட்டி கிடாருக்கு எது சரி?

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில பதில் சொல்லிடலாம். ஆனா அந்தப் பதில் எங்கிருந்து வருதுன்னு தேடிப் போனா, அது ஹவாய் மாட்டுக்காரங்க, தஞ்சாவூர் வித்வான்கள், நம்ம சேலத்து இரும்புன்னு எங்கெங்கயோ போகுது. அதனாலதான் இந்தப் பதிவு.

மாடு வந்தது, கிடார் வந்தது

ஜார்ஜ் வான்கூவர்தான் அந்தக் கப்பல் தலைவர். முதலாம் கமேஹமேஹா ராஜா அந்த மாடுகளை யாரும் தொடக்கூடாதுன்னு தடை போட்டுட்டார். தொட ஆளில்லாத மாடு என்ன பண்ணும்? பெருகிடுச்சு. சில வருஷத்துல மலையெல்லாம் காட்டு மாடு. வயலை மேயுது, வேலியை முட்டுது, ஆளையும் முட்டுது. கடைசியில மூணாம் கமேஹமேஹா காலத்துல, 1832 வாக்குல, மாடு பிடிக்கத் தெரிஞ்ச ஆட்களைக் கலிபோர்னியாவுல இருந்து வரவழைச்சாங்க. அப்போ கலிபோர்னியா மெக்சிகோவோட சேர்ந்திருந்தது. வந்தவங்க பேசினது ஸ்பானிஷ் பாஷை. அந்தப் பாஷையோட பேரான 'எஸ்பன்யோல்' ஹவாய்க்காரங்க வாயில 'பனியோலோ' ஆயிடுச்சு. இன்னைக்கும் அங்க மாட்டுக்காரருக்குப் பேரு பனியோலோதான்.

வந்தவங்க கயிறும் சேணமும் மட்டும் கொண்டு வரலை, கிடாரும் கொண்டு வந்தாங்க. ராத்திரி வேலை முடிஞ்சா பாட்டு. கொஞ்ச காலம் கழிச்சுப் பலபேர் ஊர் திரும்பிட்டாங்க, கிடார் மட்டும் அங்கேயே தங்கிடுச்சு. தங்கின கிடாரை ஹவாய்க்காரங்க அவங்க குரலுக்கும், அவங்க பாட்டுக்கும் ஏத்த மாதிரி திருப்பினாங்க. எப்படி? சில தந்திகளோட முறுக்காணியைத் தளர்த்தி. 'கி ஹோஆலு'ன்னா ஹவாய் மொழியில 'கீயைத் தளர்த்து'ன்னு அர்த்தம். கீங்கறது வீட்டுச் சாவி இல்லீங்க, முறுக்காணி. வீணைக்காரங்க பாஷையில பிரடை.

வழக்கமான கிடார் சுருதியைத் தடிச்ச தந்தியில இருந்து சொன்னா ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ஹவாய்ல ரொம்பப் பிரபலமான 'டாரோ பாட்ச்' சுருதி டி, ஜி, டி, ஜி, பி, டி. அதாவது இரண்டு ஈ தந்தியையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கு, ஏ தந்தியை ஒரு முழு ஸ்வரம் இறக்கு, மீதி மூணைத் தொடாதே. அவ்வளவுதான். இப்போ எந்த விரலும் வைக்காம ஆறு தந்தியையும் மீட்டினாலே ஒரு முழு ஜி மேஜர் ஒலிக்கும். கட்டை விரல் அடித்தந்திகளை மாத்தி மாத்தித் தட்டிட்டே இருக்கும், மத்த விரல்கள் மேல பாட்டை வாசிக்கும். ஒரே ஆள், ஆனா ரெண்டு பேர் வாசிக்கற மாதிரி கேக்கும்.

இதை நம்ம பாஷையில எழுதிப் பாருங்க. ஜி-யை ஸ-ன்னு வச்சுக்கிட்டா டி, ஜி, டி, ஜி, பி, டி என்ன ஆகும்? ப, ஸ, ப, ஸ, க, ப. அடேங்கப்பா! இது தம்புரா இல்லையா? நடுவுல ஒரு காந்தாரம் சேர்ந்த தம்புரா!

அதே ஈ, அதே ஏ

இங்கதான் எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. ஹவாய்ல மாட்டுக்காரங்க இறங்கின அதே காலகட்டத்துல, இங்க தமிழ்நாட்டுல இன்னொரு வெளிநாட்டு வாத்தியம் இதே சிகிச்சைக்குப் படுத்திருந்தது. வயலின்தான் அது.

முத்துசாமி தீட்சிதரோட தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1859). அவங்க குடும்பம் சென்னைப் பக்கம் மணலியில, சின்னய்யா முதலியார் ஆதரவுல இருந்த காலத்துல அவர் ஐரோப்பிய முறையில வயலின் கத்துக்கிட்டு, அதைக் கர்நாடக இசைக்குத் திருப்பினார். தஞ்சை நால்வர்ல ஒருத்தரான வடிவேலு அதை இன்னும் ஒரு படி மேல கொண்டு போனார். திருவிதாங்கூர் ராஜா சுவாதித் திருநாள் 1834-ல அவருக்குத் தந்தத்துல செஞ்ச வயலின் பரிசு கொடுத்ததாச் சொல்வாங்க. 1832, 1834. தேதிகளைப் பாருங்க. ரெண்டு கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ரெண்டு ஊர்க்காரங்க, கையில வந்த ஐரோப்பிய வாத்தியத்தைத் தங்களோடதா ஆக்கிட்டிருக்காங்க. ஒருத்தருக்கு இன்னொருத்தர் இருக்கறதே தெரியாது.

மேல்நாட்டு வயலின் சுருதி ஜி, டி, ஏ, ஈ. நம்ம வித்வான்கள் வயலினை ஸ, ப, ஸ, ப-ன்னு சேர்க்கறாங்க. பாடறவங்க சுருதி எதுவோ அதுதான் ஸ. ஐந்து கட்டைன்னா ஜி. (ஆர்மோனியத்துல சி-தான் ஒண்ணாம் கட்டை. அங்கிருந்து வெள்ளைக் கட்டையா எண்ணிட்டே போனா அஞ்சாவது ஜி.) அப்போ ஐந்து கட்டைக்கு வயலின் எப்படி இருக்கும்? ஜி, டி, ஜி, டி. அதாவது ஜி, டி ரெண்டையும் தொடாதே. ஏ தந்தியை ஒரு முழு ஸ்வரம் இறக்கு, ஈ தந்தியை ஒரு முழு ஸ்வரம் இறக்கு.

திரும்ப ஒரு தடவை மேல போய்ப் பாருங்க. ஹவாய்க்காரர் கிடார்ல தளர்த்தினது ஈ-யும் ஏ-வும். நம்ம வித்வான் வயலின்ல தளர்த்தறது ஏ-வும் ஈ-யும். அளவும் அதே ஒரு முழு ஸ்வரம். இதுல மாயம் ஒண்ணும் இல்லை. ஸ-வும் ப-வும் சும்மா இருந்தாலும் ஒலிக்கணும், அதுதான் ரெண்டு பேருக்கும் ஆசை. ஆசை ஒண்ணா இருந்தா விடையும் ஒண்ணாத்தானே இருக்கும்? ஆண் பாடகர் ஒண்ணு, ஒன்றரைக் கட்டையில பாடினா வயலின் இன்னும் நிறைய இறங்கணும். உலகத்துல ஸ்லாக் கீ-ங்கற பேர் மட்டும்தான் ஹவாய்க்குச் சொந்தம், வழக்கம் நமக்கும் சொந்தம்னு தைரியமாச் சொல்லலாம்.

ஆனா தளர்த்தினா விலை உண்டு. தளர்ந்த தந்தி சத்தம் குறையும். மைக் இல்லாத காலத்துல கச்சேரி மேடையில இது பெரிய தலைவலி. மைசூர் டி. சௌடய்யா (1895–1967) ஏழு தந்தி வயலின் செஞ்சு வாசிச்சது கடைசி வரிசைக்கும் கேட்கணும்னுதான். தந்திங்கறது சும்மா கடையில வாங்கி மாட்டற உதிரிபாகம் இல்லை. சுருதியை மாத்தினா தந்தியைப் பத்தியும் யோசிச்சே ஆகணும்.

மூணே மூணு கைப்பிடி

தமிழ்ல 'நரம்பு'ங்கற சொல்லைக் கவனிச்சிருக்கீங்களா? பழைய இசை நூல்கள்ல நரம்புன்னா யாழோட தந்தி. அதே சொல்லுக்கு ஸ்வரம்னும் அர்த்தம் உண்டு. தந்தியும் ஸ்வரமும் ஒரே சொல்! ஏன்னா யாழ்ல ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரம்தான். மெட்டு கிடையாது. தாழ்ந்த ஸ்வரத்துக்கு நீளமான நரம்பு, உயர்ந்த ஸ்வரத்துக்குக் குட்டை நரம்பு. யாழ் ஏன் வளைஞ்சு இருக்குங்கறதுக்கு இதுவே பாதிப் பதில். யாழைப் பத்தி விபுலானந்த அடிகள் வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணி எழுதின 'யாழ் நூல்' 1947-ல வெளிவந்தது. இசையில கணக்கு பிடிக்கறவங்க அவசியம் படிக்கணும்.

தந்தியோட சுருதியை மாத்த மூணே மூணு கைப்பிடிதான் இருக்கு. நீளம், இழுவை, எடை. யாழ் நீளத்தைத் திருகுச்சு. கிடார்ல ஆறு தந்தியும் ஒரே நீளம், அதனால எடையைத் திருகணும். தடிச்ச தந்தி கீழ்ஸ்தாயிக்கு, மெலிஞ்ச தந்தி மேல்ஸ்தாயிக்கு. அதுவும் வெறும் தடிமனை ஏத்திட்டே போனா கம்பி விறைச்சுப் போய் நாதம் செத்துடும். அதனாலதான் உள்ளே ஒரு மெல்லிய கம்பி, மேல இன்னொரு கம்பியைச் சுத்தறது. இந்தச் சுற்றுக்கம்பி ஐரோப்பாவுல 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில வந்தது. அது வரலைன்னா இன்னைக்கு இருக்கற சின்ன கிடாரே கிடையாது.

இதைக் கணக்கா எழுதி வச்சவர் மாரின் மெர்சென்ங்கற பிரெஞ்சுப் பாதிரியார், 1636-ல. அவருக்கு முன்னாடியே கலிலியோவோட அப்பா வின்சென்சோ கலிலி (அவர் லூட் வாசிக்கற வித்வான்) தந்தியில எடை தொங்கவிட்டுச் சோதிச்சுப் பாத்திருக்கார். ஒரு ஸ்தாயி மேல போகணும்னா ரெண்டு மடங்கு எடை போதாது, நாலு மடங்கு வேணும்னு கண்டுபிடிச்சவர் அவர்தான். சாராம்சம் இதுதான்: இழுவைங்கறது தந்தியோட எடையைப் பொறுத்து நேரா ஏறும். நீளத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் மட்டும் வர்க்கமா ஏறும்.

இந்த 'வர்க்கம்'தான் வில்லன். பாருங்க:

முழு கிடாரோட தந்தி நீளம் 25.4 அங்குலம். என் குட்டி கிடார் 23 அங்குலம். நீளம் பத்து சதவீதம்கூடக் குறையலை, ஆனா வர்க்கம் போட்டா இழுவையில 18 சதவீதம் போயிடுச்சு. சரி, இது முதல் நஷ்டம். இப்போ ஈ-யை டி-க்கு இறக்கறோம். அதிர்வெண் 329.6-ல இருந்து 293.7. பதினொரு சதவீதம்தான். வர்க்கம் போட்டா இழுவை 21 சதவீதம் காலி. ரெண்டையும் பெருக்கினா மிச்சம் 65 சதவீதம். மூணுல ஒரு பங்கு இழுவை காணாமப் போயிடுச்சு! கொடி மாதிரி தொங்காம என்ன பண்ணும்?

நம்ம ஊர்ல தறி பாத்தவங்களுக்கு இதைச் சுலபமாச் சொல்லலாம். பாவு தளர்ந்தா நாடா சரியா ஓடாது, துணி அலை அலையா வரும். நாமக்கல் லாரிப் பட்டறைக்காரர்கிட்ட கேட்டா இன்னும் சுருக்கமாச் சொல்வார்: "பாரம் மாறினா பட்டையை மாத்துங்க." லோடுக்குத் தகுந்த மாதிரி வில்லுப் பட்டையில ஒரு பட்டை கூட்டறதில்லையா, அதே கதைதான். இழுவையைத் திரும்பக் கொண்டு வரணும்னா, நீளமும் சுருதியும் நாம முடிவு பண்ணிட்டதால, மிச்சம் இருக்கற ஒரே கைப்பிடி எடை. அதாவது தடிமன்.

ஒரு கொசுறு. நூல் கடையில நம்பர் ஏற ஏற நூல் மெலிசாகும். நாப்பதாம் நம்பரைவிட எண்பதாம் நம்பர் மெலிசு. கிடார் தந்தியில தலைகீழ். நம்பர்ங்கறது ஆயிரத்துல எத்தனை அங்குலம்ங்கற தடிமன். 12-ஐ விட 14 தடிமன். தறிக்காரர் வீட்டுப் பசங்க கிடார் வாங்கப் போனா இதை ஞாபகம் வச்சுக்கங்க.

அப்போ எந்தத் தந்தி?

கடையில சாதாரணமாக் கிடைக்கற 'லைட்' செட் 12-ல ஆரம்பிச்சு 53-ல முடியும். முழு நீள கிடார்ல வழக்கமான சுருதியில ஆறு தந்தியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல இழுத்துட்டு நிக்கும். முதல் தந்தி மட்டும் பத்தரை கிலோ. அதையே என் குட்டி கிடார்ல டி-க்கு இறக்கினா 6.8 கிலோ.

அடுத்த அளவு 'மீடியம்' செட். 13, 17, 26, 35, 45, 56. இதுல ஒரு அழகு இருக்கு. ரெண்டு, மூணு, நாலாம் தந்திகளை நாம தளர்த்தறதே இல்லை, அதுக்கு நீளத்தால வந்த 18 சதவீத நஷ்டம் மட்டும்தான். மீடியம் செட்டோட 17, 26, 35 அந்த நஷ்டத்தைக் கிட்டத்தட்ட முழுசா ஈடுகட்டிடுது. ஆனா தளர்த்தின மூணு தந்திக்கு மீடியம் பத்தாது. முக்கால் பங்கு இழுவைதான் வருது. அதுங்களுக்கு மட்டும் தனித்தந்தி வாங்கணும். முதல் தந்திக்கு 14. அஞ்சாவதுக்கு 48 இல்லைன்னா 49. ஆறாவதுக்கு 59 இல்லைன்னா 60.

ஆக, என் பட்டியல் இது: 14, 17, 26, 35, 48, 60. மூணாவதுல இருந்து சுற்றுக்கம்பி. கணக்குப்படி எல்லாத் தந்தியும் முழு கிடார் இழுவையில 83-ல இருந்து 98 சதவீதத்துக்குள்ள வந்து நிக்குது. மொத்த இழுவை பெரிய கிடாரோட லைட் செட்டைவிடக் குறைவுதான், ஆனாலும் உங்க கிடார் எவ்வளவு தாங்கும்னு செஞ்சவங்க சொல்லியிருந்தா அதைப் பாத்துக்கங்க. இந்தத் தந்திகளைப் போட்டுட்டு வழக்கமான சுருதிக்கு ஏத்தாதீங்க. அப்போ கணக்கே வேற.

எச்சரிக்கையா ரெண்டு விஷயம். தடிச்ச தந்தி, கழுத்தோட தலைப்பக்கம் இருக்கற நட்டோட பள்ளத்துல சரியா உக்காராது. கொஞ்சம் அரம் போடணும். தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க, அதிகமா அரைச்சுட்டா திரும்ப வராது. அடுத்தது இன்னும் சுவாரசியம். தடிமனை ஏத்தினா சத்தமும் உறுதியும் வரும், மெட்டுல அடிக்கறது குறையும். ஆனா மெட்டுல அழுத்தும்போது சுருதி லேசா ஏறுது பாருங்க, அந்தக் குறை தடிமனால தீராது. ஏன்னா சுத்தாத எஃகுத் தந்தியில, நீளமும் சுருதியும் ஒண்ணா இருந்தா, தடிமன் எதுவா இருந்தாலும் தந்தி நீளற விகிதம் ஒண்ணுதான். (இதே காரணத்தால, மெலிசா இருக்கறதாலதான் தந்தி அறுபடுதுங்கறதும் சரியில்லை. அறுபடற எல்லையை முடிவு பண்றது நீளமும் சுருதியும் கம்பியோட தரமும்தான்.) அதனால தளர்ந்த தந்தியில முரட்டுப் பிடி வேணாம், மெல்லப் பிடிங்க. நமக்கு இதுல ஒரு லாபமும் இருக்கு. தளர்ந்த தந்தியைப் பக்கவாட்டுல இழுக்கறது சுலபம், வீணை மாதிரி கமகம் வரும்.

குட்டி நீளத்தைப் பத்திக் கவலைப்படறவங்களுக்கு ஒரே ஒரு பேர் சொல்றேன். மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014). மாண்டலின் கிடாரைவிட எவ்வளவு குட்டைன்னு உங்களுக்கே தெரியும். ஜோடி ஜோடியா எட்டுத் தந்தி இருந்தா கமகத்துக்கு இழுக்க முடியாது. அவர் ஒற்றைத் தந்தியா மாத்தி, அஞ்சு தந்தி மாண்டலின்ல வாசிச்சார். அதுல வந்த தோடியைக் கேட்டவங்க யாரும் நீளம் குறைச்சல்னு சொல்ல மாட்டாங்க.

தந்திக்குள்ள நம்ம ஊர்

தந்தின்னா எஃகு. எஃகுன்னு எழுதிட்டு சேலத்துக்காரன் சும்மா தாண்டிப் போக முடியுமா?

மாட்டுக்காரங்க ஹவாய்க்குக் கொண்டு போன கிடார்ல இருந்தது எஃகு இல்லை, குடல் நரம்பு. எஃகுத் தந்தி அங்க பரவினது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில. நல்ல எஃகுக் கம்பி இழுக்கற தொழில்நுட்பமே அப்போதான் கூடி வந்தது. பர்மிங்காம்ல ஜேம்ஸ் ஹார்ஸ்ஃபால் 1854-ல கம்பியைச் சூடாக்கிப் பதப்படுத்தற முறைக்கு உரிமம் வாங்கினார். அதே மாதிரி கம்பிதான் பியானோவுக்கும் பிறகு கிடாருக்கும் வந்தது.

அதுக்கு முன்னாடி ஒரு அத்தியாயம் நம்ம ஊர்ல நடந்தது. கஞ்சமலையைப் பாத்திருப்பீங்க. அந்த மலையோட இரும்புக் கனிமத்தை நம்பித்தான் கம்பெனி உத்தியோகஸ்தரா இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-ல பரங்கிப்பேட்டையில இரும்பு ஆலை தொடங்கினார். பிறகு காவிரிக் கரையில பூலாம்பட்டியிலயும் உலை எரிஞ்சது. அந்த முயற்சி கடைசியில நொடிச்சுப் போச்சு. ஹீத் இங்கிலாந்து திரும்பி, 1839-ல உருக்கு எஃகுல மாங்கனீசு சேர்க்கற முறைக்கு உரிமம் வாங்கினார். ஷெஃபீல்டு ஆலைக்காரங்க அதைச் சின்னதா மாத்திக்கிட்டு அவருக்குக் காசு தராம லாபம் பாத்தாங்க. வழக்கு வருஷக்கணக்கா இழுத்துச்சு. 1851-ல அவர் செத்துப் போன பிறகுதான் கடைசித் தீர்ப்பே வந்தது, அதுவும் அவருக்கு எதிரா. இன்னைக்குத் தந்தி செய்யற 'மியூசிக் வயர்'ல நூத்துக்கு 0.7-ல இருந்து 1 வரை கார்பன் இருக்கும், கூடவே கொஞ்சம் மாங்கனீசும். கஞ்சமலை இரும்பு என் கிடார்ல இருக்குன்னு சொல்ல வரலை. ஆனா அந்த மாங்கனீசைப் பத்தி யோசிச்சவர் இரும்போட மல்லுக்கட்டப் பழகினது நம்ம மண்ணுலதான்.

எஃகுத் தந்தி கிடார் உலகம் பூரா பரவினதுக்கும் ஹவாய்க்கும் தொடர்பு இருக்கு. 1915-ல சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில ஹவாய் இசையைக் கேட்ட அமெரிக்கா அப்படியே கிறங்கிப் போச்சு. கடைக்காரங்க எஃகுத் தந்தி தாங்கற கிடார் கேட்டாங்க. மார்ட்டின் கம்பெனி 1922-ல ஒரு மாடலை எஃகுத் தந்திக்குன்னே செஞ்சு விக்க ஆரம்பிச்சது. அந்த அலை கல்கத்தா வரைக்கும் வந்தது. ஹவாய் இசைக்காரர் டாவ் மோ 1940-களில் கல்கத்தாவுல வாழ்ந்து வாசிச்சார். பின்னாடி பிரிஜ் பூஷண் காப்ரா கிடார்ல இந்துஸ்தானி வாசிச்சு, 1967-ல 'கால் ஆஃப் த வேலி' இசைத்தட்டு வந்தது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா கவனிங்க, இந்தியாவுக்கு வந்தது தந்தி மேல இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கற ஹவாய் கிடார். மாட்டுக்காரங்களோட ஸ்லாக் கீ வரலை. அது வீட்டை விட்டே வெளிய வராத இசை.

வீட்டுக்குள்ள இருந்த சுருதி

ஏன் வரலை? ஹவாய்ல ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிச் சுருதி இருந்தது. அதை ரகசியமா வச்சுக்குவாங்க. வாசிச்சு முடிச்சுக் கிடாரைக் கீழ வைக்கும்போது, யாரும் பாத்துடக் கூடாதுன்னு தந்தியைக் கலைச்சு விட்டுட்டுத்தான் பெரியவங்க எழுந்திரிப்பாங்கன்னு சொல்வாங்க. 1893-ல ஹவாய் ராணி லிலியுவோகலானியை அரியணையில இருந்து இறக்கினாங்க. 1896-ல பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ்தான் பாடமொழின்னு சட்டம் வந்தது. மொழி ஒடுங்கினா பாட்டும் ஒடுங்கும், பாட்டு ஒடுங்கினா சுருதியும். ரகசியமா வச்சிருந்த சுருதிகள்ல பல, வச்சிருந்தவங்களோடயே போயிடுச்சு. காபி பஹினுய் (1921–1980) 1940-களின் நடுவுல இசைத்தட்டுல ஸ்லாக் கீ வாசிச்ச பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது. 1970-களில் இளைஞர்கள் தேடித் தேடிக் கத்துக்கிட்டாங்க. 2005-ல முதல்முறையா ஹவாய் இசைக்குன்னு கிராமி விருது கொடுத்தப்போ அது போனது ஒரு ஸ்லாக் கீ தொகுப்புக்குத்தான்.

இதைப் படிச்சப்போதான் எனக்கு ஏன் இந்தத் தந்தி விஷயம் இவ்வளவு முக்கியம்னு புரிஞ்சுது. எங்க அம்மா பாடுவாங்க. கச்சேரி எல்லாம் இல்லீங்க. மார்கழி பஜனை, கொலு, சொந்தக்காரங்க கல்யாணத்துல நலங்கு, அவ்வளவுதான். ஆர்மோனியத்துல ஆறு கட்டை வச்சுப் பாடினவங்க. அம்பத்தஞ்சு தாண்டினதும் மேல் ஸ்தாயி எட்டலை. "குரல் போயிடுச்சு கண்ணு"ன்னு சொல்லிட்டு ரெண்டு வருஷமா வாயே திறக்கலை. போகலைங்க, இறங்கியிருக்கு. ஆறு ஐந்தாயிருக்கு. ஐந்து கட்டைன்னா ஜி. டாரோ பாட்ச்சும் ஜி. தந்தி சரியா அமைஞ்ச அன்னைக்கு ப, ஸ, ப, ஸ-ன்னு சும்மா மீட்டிட்டிருந்தேன். சமையலறையில இருந்து அந்த ஸ-வைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா ஒரு முனகல் வந்தது. நலங்குப் பாட்டு. எங்க பாட்டிகிட்ட அவங்க கத்துக்கிட்டது, எங்கயும் எழுதி வைக்காதது. இப்போ ஒவ்வொரு வாரமும் ஒரு பாட்டு போன்ல பதிவு பண்ணிட்டிருக்கோம். இதுவரைக்கும் ஒன்பது ஆச்சு. இன்னும் எத்தனை இருக்குன்னு கேட்டா, "பாடினாத்தானே தெரியும்"ங்கறாங்க.

உங்க வீட்டுலயும் யாராவது "குரல் போயிடுச்சு"ன்னு உக்காந்திருப்பாங்க. ஒரு கட்டை இறக்கி சுருதி வச்சுக் கேட்டுப் பாருங்களேன். கிடார்தான் வேணும்னு இல்லை, சுருதிப் பெட்டி போதும்.

டிஸ்கி 1: மேல சொன்ன பட்டியல் 23 அங்குல ஸ்டீல் கம்பி கிடாருக்கு மட்டும். நைலான் தந்திக்குன்னு செஞ்ச கிளாசிக்கல் கிடார்ல எஃகுத் தந்தியைத் தப்பித் தவறியும் மாட்டிடாதீங்க, குதிரை பிஞ்சு கையோட வந்துடும்.

டிஸ்கி 2: உங்க கிடார் வேற நீளமா இருந்தா, 25.4-ஐ உங்க நீளத்தால வகுங்க. இறக்கற தந்திக்கு மட்டும் ஒவ்வொரு முழு ஸ்வரத்துக்கும் இன்னொரு தடவை 1.12-ஆல பெருக்குங்க. லைட் செட் தடிமனை அந்த எண்ணால பெருக்கினா உச்ச அளவு கிடைக்கும். கடையில போய் அதுக்கு ஒண்ணு ரெண்டு நம்பர் குறைச்சலாக் கேளுங்க. கிடார் நிம்மதியா இருக்கும், நீங்களும்தான் :-)